இரண்டாம் அங்கத்துத் தண்ணீர்

ஆகஸ்ட் 21
மனீக்கு இன்று ஐந்து முறை போய்விட்டது. எட்டு மாதக் குழந்தை, கண் உள்ளே போயிருக்கிறது. டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "தண்ணி எங்கேர்ந்து வருது?" காய்ச்சித்தான் கொடுக்கிறேன். ஆனால் புட்டி கழுவுவது மாடித் தொட்டித் தண்ணீரில்தானே? அதன் மூடி உடைந்து ஒரு வருடமாகிறது.

எண்பது குடித்தனம் ஒண்டியிருக்கும் சால் கட்டடம் இது, எல்லோருக்கும் ஒரே தொட்டி. காரியதரிசி டப்கேயிடம் மறுபடி சொன்னேன். என்னை வஹினி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார். "முப்பது வருஷமா அதத்தான் குடிக்கிறோம், வஹினி. செத்தா போயிட்டோம்?"

ஆகஸ்ட் 25
கணபதி விழாவுக்குச் சாலில் போடும் நாடகத்தில் இந்த வருடம் நான்தான் தமாஷ். 'பி.ஏ. மருமகள்.' கக்கூஸ் தாழ்ப்பாளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொடுவாளாம். தாழ்ப்பாள் விஷயம் என் வீட்டுக்காரர் இவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"சும்மா சிரிக்கத்தானே" என்கிறார். சீ.

ஆகஸ்ட் 27
தூக்கமில்லை. மனீக்கு மாற்றிய துணி எட்டு.

ஆகஸ்ட் 30
ஒத்திகை. பாங்க் குமாஸ்தா கர்க்கானிஸ், இவர் எடுத்துக் கொடுத்த என் புடவையையே கட்டிக்கொண்டு மூக்கைப் பொத்துகிறான். டப்கேக்கு டப்கே வேஷமே. இரண்டாம் அங்கத்தில் தொட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து "அமிர்தம்" என்பார். மருமகள் திருந்திவிடுவாள்.

முடிந்ததும் என் கதவுக்கு வந்தார். "அந்த சீனுக்கு மட்டும் உங்க காய்ச்சின தண்ணி ஒரு கிளாஸ் கொடுங்க, வஹினி. வயித்த ஏன் கெடுத்துக்கணும்?"

கூச்சமே இல்லை மனிதருக்கு. தருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 2
இன்று நாடகம். தந்தேன். தொட்டியிலிருந்து, நானே மாடியேறி முகந்து. உள்ளே சிவப்பாக என்னவோ நெளிந்தது.

டப்கே கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கினார். வசனத்தை விட்டுவிட்டுத் திரையோரம் நின்ற என்னிடம் குசுகுசுவென்று, "இது எந்தத் தண்ணி?"

"தொட்டித் தண்ணிதான், பாவோஜி." குசுகுசுக்க எனக்கு வரவில்லை.

மேல் வராந்தாவிலிருந்து ஒருத்தி, "குடிங்க டப்கே, அமிர்தமாச்சே."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 4
தொட்டியை இறைத்தார்கள். அடியில் இரண்டு எலி, மயிர் உதிர்ந்து, ஊறி — அந்தத் தண்ணீரிலா சோறு வடித்தேன்? இவர் வாந்தி எடுத்தார். நான் தலையைப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 6
மனீக்கு இன்று ஒரே முறை. கெட்டியாக.

டப்கே வந்தார், என் முகத்தைப் பார்க்காமல். "எவ்வளவு நேரம் கொதிக்கணும், வஹினி?"

பத்து நிமிடம் போதும். அரை மணி என்றேன்.