ஆறு மணி மாத்திரையும் ராகிக் கூழும்

ஓசூர்,
3.3.2025

அன்புள்ள சென்னம்மா அக்காவுக்கு,

தம்பி குருமூர்த்தி எழுதுவது. என் பெண்டாட்டி மேகலா கூப்பிட்டால் போனை எடுக்கிறாய். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. உன் மகள் கல்யாணத்தன்று தாய்மாமன் நான் ஓவர்டைம் பார்க்கப் போனது தப்புதான். அதற்காக இரண்டு வருஷமா? நீ பேரிகை பஸ்ஸில் அனுப்பும் ராகி மாவுப் பையைக் காலியாகத் திருப்பி அனுப்பும்போது இந்தக் காகிதத்தை உள்ளே வைக்கிறேன்.

ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் எனக்கு ஒன்பதாயிரம்தான். ஒன்றரை லட்சம் வேண்டுமாம். பல் துலக்கினாலே ஈறில் ரத்தம். வாயாடிக்கு வாயிலேயே தண்டனை! என் உடம்பும் எங்கள் கம்பெனி மாதிரி ஆகிவிட்டது. நல்ல பீஸையெல்லாம் இன்ஸ்பெக்டரே உடைத்துப் போடுகிற மாதிரி, என் எதிர்ப்புச் சக்தியே பிளேட்லெட்டை உடைக்கிறதாம். அந்த இன்ஸ்பெக்டரை அடக்க ஒரு மருந்து, உற்பத்தியைக் கூட்ட இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை ஆகும். பதினேழாம் தேதிக்குள் முப்பதாயிரத்தைத் தொடாவிட்டால் ஆபரேஷன் செய்து, அவை உடைபடும் இடமான மண்ணீரலை எடுத்துவிடுவார்கள். இந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்குமா என்று டாக்டரே யோசிக்கிறார்.

மாத்திரையோடு பால், தயிர் கூடாதாம். தொடுவதே இல்லை. மாத்திரையை உன் ராகிக் கூழோடுதான் விழுங்குகிறேன்.

உன் தம்பி,
குருமூர்த்தி

ஓசூர்,
11.3.2025

அக்கா,

இனி மாவு அனுப்பாதே. இருப்பதிலேயே வண்டு வந்துவிட்டது. பிளேட்லெட் ஏழாயிரம். கவலைப்படாதே.

குருமூர்த்தி

பேரிகை,
12.3.2025

குருமூர்த்திக்கு,

வண்டா? வெயிலில் காயவைத்து, என் கையால் சலித்த மாவிலா? கல்யாணத்துக்கு வராதவன் என்ற கோபத்திலும் வாரம் தவறாமல் அனுப்பினேன். அதுவும் வேண்டாமா? சரி. இனி பையும் வராது. நீயும் எழுதாதே.

சென்னம்மா

ஓசூர்,
14.3.2025

அக்கா,

பை இல்லாததால் கடிதத்தை பஸ் கண்டக்டர் கையிலேயே கொடுத்தேன். "என்னாங்க சார், மாவு போயி கடுதாசி மட்டும் ஓடுது?" என்று சிரித்தார்.

வண்டு பொய். அப்படி எழுதியதற்கு முந்தின நாள் டாக்டர் கேட்டார்: "மாத்திரைய எதோட சாப்புடறீங்க?"

"ராகிக் கூழோடங்க."

"பால் வேணாம்னு சொன்னேனில்ல?"

"அது வெள்ளைங்க. இது மாநிறங்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ராகியில் பாலைவிடச் சுண்ணாம்புச்சத்து அதிகமாம். அது மாத்திரையைப் பிடித்துவைத்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாதாம். ஆறு வாரமாக இரண்டு மருந்தில் ஒன்று வீண். உன் மாவுதான் காரணம் என்று நீ உடைந்துபோவாய் என்றே பழியை வண்டின் மேல் போட்டேன். தப்பு என்னுடையது; கேட்காமல் விழுங்கியவன் நான்தானே.

நேற்று மூக்கில் வந்த ரத்தம் நிற்க இருபது நிமிஷம் ஆனது. ஆபரேஷனை முப்பத்தொன்றுக்குத் தள்ளியிருக்கிறார். இப்போது காலை ஆறு மணிக்கு வெறும் தண்ணீரோடு மாத்திரை. நாலு மணி நேரம் கழித்துத்தான் கூழ் குடிக்கலாமாம்.

பயமாக இருக்கிறது அக்கா. இதில் ஜோக் எதுவும் இல்லை. பதில் போடு.

குருமூர்த்தி

பேரிகை,
31.3.2025

தம்பிக்கு,

மத்தியானம் மேகலா சொன்னாள்: நாற்பத்திரண்டாயிரம், ஆபரேஷன் வேண்டாமாம். அதைக் கேட்ட பிறகுதான் சோற்றில் கை வைத்தேன். உன் கடிதம் வந்ததிலிருந்து மாவுச் சல்லடையைத் தொடவில்லை. என் கையாலேயே உன்னைக் கெடுத்துவிட்டேனே என்று பதில் எழுதவும் கை வரவில்லை.

இன்று சலித்தேன். நாளை பை வரும். ஆனால் உன்னை நம்பி மாவை மட்டும் அனுப்ப முடியாது. தினமும் பத்து மணிக்கு நானே போன் பண்ணுவேன். என் குரலைக் கேட்டுவிட்டுத்தான் கூழைத் தொட வேண்டும். கல்யாணப் பேச்சை எடுத்தால் வைத்துவிடுவேன்.

முதல் ரிங்கிலேயே எடு.

அக்கா,
சென்னம்மா