அணையாத டிவி

நவம்பர் 12, செவ்வாய் இரவு

எஸ்டேட் லைன் வீட்டில் தனியாக இருக்கும் மேரியக்கா டிவியை என் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தார். போட்டதும் வெளிச்சம் வந்து, உடனே அணைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். திரையில் படம் மங்கலாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே எல்இடி பட்டையில் ஒரு பல்பு கெட்டதால், பாதுகாப்பு சர்க்யூட் மொத்த வெளிச்சத்தையும் நிறுத்துகிறது. புதுப் பட்டை ஈப்போவிலிருந்து வர வேண்டும்.

"அதுவரைக்கும் எப்படியாவது ஓட வச்சுக் குடு லா, தம்பி."

சர்க்யூட்டைத் துண்டித்துக் கொடுத்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "ரொம்ப நேரம் ஓட விடாதீங்கக்கா, சூடேறிப் புகைஞ்சிரும்" என்றேன். தலையாட்டினார்.

மனசு கேட்காமல் இப்போது போன் செய்தேன். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார்.

"நல்லா ஓடுது தம்பி. அது ஓடுனாத்தான் எனக்குத் தூக்கமே வரும். இப்பத்தான் கண்ணசந்தேன், எழுப்பிட்டியே."

உடனே அணைக்கச் சொன்னேன். சரி சரி என்றார். போனை வைக்கும்வரை பாட்டுச் சத்தம் நிற்கவில்லை.

மோட்டார் சைக்கிள் சாவி எங்கே?