துடக்கில் போன நேர்சிங் இடம்

ஸ்காபரோ
கார்த்திகை மாதம்

அன்பு மகள் நிலக்சிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் ஓரளவு சுகம், அப்பாவுக்கு இரத்தத்தில் சீனி கொஞ்சம் கூட, எனக்கு வழக்கம்போல இடுப்பில் நாரி நோ. கல்கரியில் நீயும் மருமகனும் வயிற்றில் இருக்கிற குஞ்சும் ஒரு குறையுமில்லாமல் இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். அங்கே இப்போதே முழங்கால் மட்டுக்குப் பனி என்று மருமகன் படம் அனுப்பியிருந்தார், வெளிப்படியில் பார்த்துக் கால் வை, சப்பாத்தின் அடி தேய்ந்திருந்தால் புதிது வாங்கு. போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் இந்தக் கதையைத் தொடங்கினால் உனக்கு உடனே மீற்றிங் வந்துவிடுகிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை அழ அழக் கூட்டிக்கொண்டு போனது இன்றைக்காவது உதவட்டும், ஆறுதலாக எழுத்துக் கூட்டி வாசி.

என் நேர்சிங் இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். வயோதிபர் இல்லத்தில் நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும், குளிக்க வார்க்கிறேன், உடுப்பு மாற்றுகிறேன், தூக்கி இருத்துகிறேன், ஆனால் ஒரு மருந்துக் குளிசை எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற நேர்ஸாக வேண்டும் என்பதுதான் என் ஆசை, மாளிகை ஒன்றும் கேட்கவில்லை. அதற்காகத்தான் வேலை முடிந்த கையோடு பெரியவர்களுக்கான பள்ளிக்கூடத்துக்குப் போய், என் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகளோடு இருந்து பயோலொஜியும் கணக்கும் திரும்பப் படித்தேன். சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்தால் அப்பா வீட்டுக்கு வருகிற ஆட்களிடம், உவ இப்ப டொக்டருக்குப் படிக்கிறா, எங்களுக்குச் சோறும் இல்லை என்று பகிடி விடுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். கொலிஜில் பிரக்டிக்கல் நேர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நீதானே முதலில் போன் எடுத்துச் சொன்னாய். விண்ணப்பம் போட்டது நீ, ஈமெயில் உன்னுடையது, பாஸ்வேர்டும் உன்னிடம். அன்றைக்கு நான் வேலையிடத்துக் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு அழுதேன், அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

அந்தச் சந்தோசம் ஆறுவதற்கிடையில் அப்பாவின் தமையன், பிறம்ரனில் இருந்த உன் பெரியப்பா, செத்துப்போய்விட்டார். நல்ல மனுசன், அவரில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இடத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று கம்பியூட்டரில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அதற்குக் கொலிஜ் ஒரு கடைசித் திகதி வைத்திருந்தது, அது சரியாகச் செத்தவீட்டுத் தீட்டான முப்பத்தொரு நாள் துடக்குக்குள் வந்தது. அப்பா, துடக்கு வீட்டில ஆரும் புதுக் காரியம் துடங்குவினமோ, முப்பத்தொண்டு கழியட்டும், கொலிஜ் எங்கையும் ஓடிப்போகாது என்றார். கொலிஜுக்குத் துடக்குத் தெரியாது என்று சொன்னேன், செத்த தமையனைவிட உனக்குப் படிப்புப் பெரிசாப் போச்சோ என்று கேட்டுவிட்டு ரீவியைப் போட்டார். நான் உனக்குப் போன் எடுத்து, அப்பாவின் கதையை விடு பிள்ளை, நீ அதைத் தட்டிவிடு என்று கெஞ்சினேன். நீ, ஓமம்மா, நான் பாக்கிறன், நீங்கள் வொறி பண்ணாதேங்கோ என்றாய். நானும் நம்பினேன், பெற்ற பிள்ளையை நம்பாமல் வேறு யாரை நம்புவது.

ஆடி மாதம் படிப்புக்குப் போட வேண்டிய தடுப்பூசி விசயம் கேட்க இரண்டு பஸ் மாறிக் கொலிஜுக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் பெயரைப் போட்டுப் பார்த்தாள், பிறகு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, குறித்த நாளுக்குள் பதில் வரவில்லை, காத்திருந்த இன்னொருவருக்கு இடம் போய்விட்டது என்றாள். என் மகள் தட்டினவள், நீங்கள் வடிவாகப் பாருங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் திரும்பத் திரும்பச் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்கள். அந்தப் பெண் கண்ணைத் துடைக்க ஒரு ரிசு எடுத்து நீட்டினாள். உனக்கு உடனே போன் எடுத்தேன், நீ சொன்ன பதில் இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது. அப்பா துடக்கெண்டு சொன்னவர், நான் அவரோட சண்டை பிடிக்கிறதே அம்மா என்றாய்.

துடக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது சிரிப்பு வருகிறது. பெரியப்பாவுக்குக் கொள்ளி வைத்தது அவரின் மகன் ராகுலன், எல்லாரையும்விடப் பெரிய துடக்கு அவனுக்குத்தான். அந்த முப்பத்தொரு நாளுக்குள்தான் அவன் ஸ்ரௌவ்வில் நகரத்தில் வாங்கின புது வீட்டுக்கு லோயரின் ஒபிசில் போய்க் கையெழுத்து வைத்துக் கதவுத் திறப்பு வாங்கினான். பெரிய மனுசனாகப் பக்கத்தில் நின்றது யார் தெரியுமோ, உன் அப்பா. இதென்ன ஞாயம் என்று கேட்டேன். அது முந்தியே துடங்கின காரியம், வீடு கைமாறுற குளோசிங் திகதியை மாத்தேலாது, பால் காய்ச்சிறதைத் துடக்குக் கழியச் செய்தால் சரி என்கிறார். அப்போது நான் இரவும் பகலும் படித்து விண்ணப்பம் போட்டது தொடங்காத காரியமோ. ஆம்பிளை வீடு வாங்கினால் விட்டுக்கொடுக்கிற துடக்கு, பொம்பிளை படிக்கப் போனால் மட்டும் வாசலில் குறுக்கே படுக்கிறது. இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். கலியாணம் கட்டிப் போன பிள்ளைக்கு அப்பா பக்கத்துப் பெரியப்பாவின் துடக்கு இல்லை, நீ மருமகன் வீட்டுப் பிள்ளை. இந்தக் குடும்பத்தில் துடக்கே இல்லாமல் இருந்த ஒரே ஆள் நீதான். உன் விரலைத்தான் நான் கேட்டேன்.

இவ்வளவு நாளும் அப்பாவுக்குப் பயந்துதான் பேசாமல் இருந்தாய் என்று நினைத்து என் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். போன மாதம் எமில்டா வந்திருந்தாள், என்னோடு வேலை செய்கிறவள், ஒன்றாகத்தான் விண்ணப்பம் போட்டோம், அவள் புரட்டாதியில் வகுப்புத் தொடங்கிவிட்டாள். ஊசி போடப் பழகுகிறதைச் சொல்லிவிட்டு அவள் போன பிறகு எனக்குத் தாங்கவில்லை, அப்பாவோடு வாய்ச்சண்டை. ஆத்திரத்தில் அவர் கொட்டிவிட்டார். என்னையே பேசிறாய், தையில பிள்ளை பிறக்கேக்கை அம்மா பள்ளிக்கூடத்தில நிண்டா என்னை ஆர் பாக்கிறது எண்டு அழுதது உன்ர மகள்தான் என்றார். நான் உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன், மிச்சத்தையும் உரித்து முடித்தேன். அப்போது துடக்கு உனக்குச் சொல்லித் தப்ப ஒரு சாட்டு. என்னிடம் நேரே கேட்டிருக்கலாமே மகள். அம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது, இந்த முறை விடுங்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே அந்த இடத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடி வந்திருப்பேன். கேட்காமல் எடுத்துவிட்டாய். அதுதான் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடக்கிறது.

தையிலும் ஒரு வகுப்புத் தொடங்குகிறது என்று எமில்டாதான் சொன்னாள். அவளே உதவி செய்தாள், எனக்கென்று ஒரு ஈமெயில் திறந்து திரும்ப விண்ணப்பம் போட்டோம், போன கிழமை இடம் வந்தது. இந்த முறை ஒருவரையும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை, நல்ல ராகுகாலம், தேநீர் இடைவேளையில் நானே தட்டினேன். ஒரு இடியும் விழவில்லை. அப்பாவுக்கு அடுத்த நாள் சொன்னேன், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், மூன்றாம் நாள் பசி வந்து கதைத்தார்.

ஆகையால் மகள், பிள்ளைப்பேற்றுக்கு நான் வரமாட்டேன். சித்திரையில் வகுப்புக்கு லீவு விடுவார்கள், அப்போது வந்து பேரப்பிள்ளையைப் பார்க்கிறேன். பிள்ளை பெறுகிற நோ வந்தால் எல்லாரும் அம்மா என்றுதான் கத்துவார்கள், நீயும் கத்துவாய், நான் அந்த நேரம் எங்கேயோ ஒரு வகுப்பில் போனை நிற்பாட்டிப்போட்டு இருப்பேன். அதை நினைத்து இந்தக் கடிதத்தை இரண்டு தரம் கிழித்துப் போட்டுத் திரும்ப எழுதுகிறேன். ஆனாலும் வரமாட்டேன். பத்தியத்துக்குச் சரக்கு வறுத்து இடித்துப் பார்சலில் அனுப்புகிறேன், மிளகு கூடப் போட்டிருக்கிறேன், மீன் கறிக்குக் கொஞ்சமாகப் போடு. மருமகனுக்கு முட்டை பொரிக்க மட்டும்தான் தெரியும் என்றால் இந்த ஒன்றரை மாதத்தில் குழம்பு வைக்கவும் பழகட்டும்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், தாயும் பிள்ளையும் வேறு வேறாகிச் சுகப்பட வேண்டும், அதுதான் என் ஓயாத வேண்டுதல், கோபம் வேறு அது வேறு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பையை இப்போதே கட்டிக் கதவடியில் வை, மருமகனை நாளைக்கே லீவுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லு. என்னைப் பார்த்துக்கொண்டு இராதே.

இப்படிக்கு
உன் அம்மா
மங்கையற்கரசி