வயிறு போடாத குப்பி

ஜூலை 6, திங்கள்
காலையிலிருந்து தூறல். தங்கம் சோதிக்கிற எங்கள் அறைக்கு ஊறுகாய் ஜாடி ஒன்று, கான்ஸ்டபிள் கையில். உள்ளே சாராயத்தில் ஊறிய வயிறு. வாந்திபேதியில் செத்த, சுரங்க ஷாஃப்டில் இறங்குகிற ஆள் சின்னப்பனுடையது. பெண்டாட்டி முனியம்மா விஷம் வைத்தாள் என்று அவன் அண்ணன் புகாராம். பெங்களூருக்கு அனுப்பினால் நாளாகும், எங்கள் அறையின் வெள்ளைக்கார துரையே பார்க்கட்டும் என்கிறார் இன்ஸ்பெக்டர். துரை பார்ப்பார், நறுக்குவது நான்.

ஜூலை 7, செவ்வாய்
வெயில். வயிற்றைக் கரைத்த நீர், ஆசிட், துத்தநாகச் சீவல், மூன்றும் குப்பியில். வருகிற வாயுவைக் கொளுத்திச் சுடரில் பீங்கான் தட்டைப் பிடித்தால், பாஷாணம் இருந்தால் கறுப்பாகப் படியும். படிந்தது. துரை உடனே ரிப்போர்ட்டில் கையெழுத்து. முனியம்மா லாக்கப்பில்.
“தூக்குதான் சார்,” கான்ஸ்டபிள், வெற்றிலை மென்றபடி. எச்சில் என் வாசலில்.
சோப்பு வாங்கணும்.

ஜூலை 9, வியாழன்
துரை பங்களாவில் விருந்து. துரைசானிகளுக்கு அந்தக் கறுப்பைக் காட்ட ஆசை அவருக்கு. சாமான் சுமந்தது நான். சீமாட்டிகள் முன் வயிறு கூடாதாம். ஆசிட்டும் சீவலும் மட்டும். சுடர் வந்தபின் நான் ஒரு சிட்டிகை பாஷாணம் போடணும். பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை, தட்டு கறுத்துவிட்டது. எல்லாரும் கைதட்டல். துரை முகம் வெளுத்துப்போனது.
விஷம் சீவலிலேயே இருக்கிறது. சயனைட் தொட்டியில் தங்கம் பிரிக்க வாங்கிய மட்டச் சரக்கு. தங்கத்துக்கு அது போதும். வயிறு போடாமல் ஒருமுறை பார்த்திருக்கணும், பார்க்கவில்லை.

ஜூலை 10, வெள்ளி
“இன்ஸ்பெக்டருக்கு எழுதிடலாமா?” என்று துரையிடம் கேட்டேன். ரிப்போர்ட் போனது போனதுதான், உன் வேலையைப் பார் என்றார். நானே ஸ்டேஷனுக்குப் போனேன்.
“இன்னா சார், இப்ப வந்து சொல்றீங்க? காலையிலயே ஒத்துக்கினா,” என்றார் கான்ஸ்டபிள்.
கம்பிக்குப் பின்னால் முனியம்மா. அடித்த தடம் எதுவும் இல்லை.
“தொரையே பாத்து சொல்லிட்டாராமே சார். கடைசியா என் கையாலதான் கஞ்சி குடிச்சாரு. அப்ப நான்தானே? எப்பிடி கலந்துச்சுன்னுதான் தெரியல.”
கஞ்சியில் ஒன்றும் இல்லையம்மா என்றேன். இரண்டு தடவை. அவள் நம்பவில்லை.

ஜூலை 11, சனி
மறுபடி தூறல். அவள் ஒத்துக்கொண்ட சேதி துரைக்கு எட்டிவிட்டது. விசில் அடித்துக்கொண்டே வந்தார். “பார்த்தாயா? நம் சோதனை சரிதான்.” சொல்லிவிட்டு டீ கேட்டார்.
கொண்டுபோய்க் கொடுத்தேன்.