9.48-க்கு வந்த 9.26 வண்டி

அனுப்புநர்
டெரிக் ஓல்ட்ராய்டு,
11, மில் லேன்,
திசில்பி, யார்க்‌ஷயர்.

பெறுநர்
பயணியர் குறைதீர் அதிகாரி அவர்கள்,
கால்டர்மூர் ரயில் நிறுவனம்,
லீட்ஸ்.

பொருள்: 07.11.2023 செவ்வாயன்று திசில்பி நிலையத்தில் காலை மணி என்ன என்பது குறித்து.

பார்வை: தங்களது 15.11.2023 நாளிட்ட வருத்தக் கடிதம்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் மனைவி ரோஸ்லினுக்கு ஜூன் மாதம் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. லீட்ஸ் மருத்துவமனையில் இருக்கிறார். செவ்வாய்தோறும் காலை 10.45 முதல் அரை மணி நேரம் பேச்சுப் பயிற்சி. நான் எதிரில் உட்கார்ந்தால்தான் வாயைத் திறக்க முயல்கிறார் என்பதால், என்னைத் தவறாமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து மாதமாகத் தவறவில்லை.

2. நான் வாங்குவது விலை குறைந்த, நெரிசலில்லா நேரச் சீட்டு. ஒன்பதரைக்குப் பிறகு புறப்படும் வண்டியில்தான் அது செல்லும். என் வண்டி 9.32. அன்று ஓட்டுநர் வராததால் அதை ரத்து செய்தீர்கள். அடுத்தது 10.32. ஆனால் என் வண்டிக்கு முன்பே போயிருக்க வேண்டிய 9.26 வண்டி, தாமதமாக 9.48-க்கு வந்து நின்றது. தெய்வம் கண் திறந்தது என்று நினைத்து ஏறினேன்.

3. தங்கள் நடத்துநர் திரு. ரீஸ் மரியாதையான இளைஞர். “தப்பா நினைக்காதீங்க சார். இப்ப வந்தாலும் இது ஒன்பது இருபத்தாறு வண்டிதான். உங்க டிக்கெட் இதுல செல்லாது” என்றார். நடைமேடைக் கடிகாரத்தைக் காட்டினேன். “நாங்க கடிகாரத்தைப் பாக்குறதில்ல சார், டைம்டேபிளத்தான் பாப்போம்” என்றார்.

4. நெரிசல் நேரம் எனப்பட்ட அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் மூன்று பேர், ஒரு நாய். நாய்க்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. அதன் எஜமானி, எங்கள் தெரு திருமதி பிக்கர்ஸ்கில், “அப்ப இந்த நாய இறக்கிட்டு அவர ஏத்திக்கப்பா, நெரிசல் குறையும்” என்றார். திரு. ரீஸ் சிரிக்கவில்லை. விதியில் அதற்கும் இடமில்லை போலும்.

5. கூடுதல் கட்டணம் கட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் இறங்கி ஓடினேன். கவுண்டர் பூட்டி இரண்டு வருடமாகிறது. நடைமேடை இயந்திரமோ, மணி ஒன்பதரை தாண்டிவிட்டதால் நெரிசல் நேரச் சீட்டையே தர மறுத்தது. ஆக, தங்கள் இயந்திரத்துக்கு நெரிசல் முடிந்துவிட்டது. தங்கள் வண்டிக்கு முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன். வண்டி போயிற்று. போவதற்கு முன் திரு. ரீஸிடம் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

6. நான் விதி அறியாதவன் அல்லன். நகராட்சியில் இருபத்தெட்டு வருடம் வாகன நிறுத்தத்துக்கு அபராதம் எழுதியவன். ஊரே என்னைத் திட்டியிருக்கிறது. ஆனால் நான்கூடக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதினேன்.

7. தங்கள் வருத்தக் கடிதத்துடன் ஒரு தேநீர்க் கூப்பன் இருந்தது. அதுவும் நெரிசலில்லா நேரத்தில் மட்டும் செல்லும் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். திருப்பி இணைத்துள்ளேன்.

8. அன்று நான் போய்ச் சேர்ந்தபோது மணி 11.35. பயிற்சி முடிந்திருந்தது. ரோஸ்லின் தூங்கிக்கொண்டிருந்தார். பயிற்சி தரும் மிஸ் லிண்ட்லி நடைக்கூடத்திலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்று ரோஸ்லின் பேசிவிட்டாராம். என் காலி நாற்காலியைப் பார்த்து, தெளிவாக, “டெரிக் எங்க?” என்றாராம். அதன்பின் இன்றுவரை ஒரு சொல்லும் வரவில்லை.

ஆகவே பணத்தையோ இன்னொரு கூப்பனையோ நான் கேட்கவில்லை. என் மனைவி கேட்ட கேள்விக்குச் சரியான பதில் தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. அதை அவருக்கே எழுதி, ஆறாவது வார்டு, நான்காம் படுக்கை என்ற முகவரிக்கு அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். வாசித்துக் காட்ட நான் இருப்பேன், வண்டி இருந்தால்.

இடம்: திசில்பி
நாள்: 20.11.2023

தங்கள் வண்டியை விட்டால் வேறு வண்டி இல்லாத,
(ஒப்பம்) டெரிக் ஓல்ட்ராய்டு