இரண்டு புதூர்

திருவண்ணாமலை, 1990 சித்திரை, செவ்வாய்

மாவட்டம் பிரிந்த பிறகும் எங்கள் அதிகாரியின் அறையில் பழைய வடஆற்காடு படம்தான் தொங்குகிறது. போன மாதம் போர்வெல் கேட்டு மேட்டுப் புதூரிலிருந்து மனு வந்தது. மனுவில் வெறும் புதூர் என்று இருந்தது. அந்த மேதாவி, படத்தில் கண்ணில் பட்ட முதல் புதூர்மேல் விரலை வைத்தார். அது செய்யாற்றங்கரைப் புதூர். இன்று அங்கே போர்வெல் போட்டு, மாலையும் கழுத்துமாகத் திரும்பினார்.

சாயந்திரம் மேட்டுப் புதூர் அம்மா ஒருத்தி வந்தாள்.

"அந்த ஊர்ல ஆத்துல தோண்டினாலே தண்ணி வருதே சார்."

"ரெண்டும் புதூர்தானம்மா" என்றார்.

அவர் விரல் வைத்தபோதே எனக்குத் தெரியும். கோபித்துக்கொள்வார் என்று பேசாமல் உத்தரவை டைப் அடித்தேன். மேட்டுப் புதூர் என் மனைவி பிறந்த ஊர். யார் டைப் அடித்தது என்று அவள் இன்னும் கேட்கவில்லை.