சத்தமியா, பூரணையா

19.11.71 வெள்ளி
காலையிலிருந்து மழை. விறகு நனைந்து ஒரே புகை. இவருடைய ஆட்டைத் திவசத்துக்கு வாங்க: எள்ளு, தர்ப்பை, வாழைக்காய், பயறு. ஒரு வருடம் ஓடிவிட்டது. புயலில் வள்ளம் கவிழ்ந்து ஒரே மூச்சில் போயிருப்பார், நோகாமல், என்று மாமி வருகிற எல்லோருக்கும் சொல்கிறார். நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

20.11 சனி
மாமி கோவிலுக்குப் போன நேரம் சின்னராசா வந்தான். இவரோடு அதே வள்ளத்தில் போனவன். அவனுக்கும் சேர்த்துத்தான் அழுதோம். எலும்பும் தோலுமாய்ப் படலையில். பேய் என்று கதவைச் சாத்தப் பார்த்தேன், வெட்கம். இந்தியக் கரையில் ஒதுங்கி, ஆஸ்பத்திரி, பிறகு சிறையில் மறியல். ஏன் கடிதம் போடவில்லை?

"அவர் இல்லை, நான் இருக்கிறன் எண்டு என்னெண்டு அக்கா எழுதுறது?"

வள்ளம் கவிழவே இல்லையாம். பாய்மரம் முறிந்து, மழைத்தண்ணீர் குடித்துக்கொண்டு மிதந்தார்களாம். இவர் எட்டு நாள் உயிரோடு. நாள் எப்படித் தெரியும் என்று சண்டைக்காரி மாதிரிக் கேட்டேன்.

"அவர் போன அண்டைக்கு முழு நிலவு அக்கா. 'அண்ணை விடமாட்டார், தேடி வருவார்' எண்டு கடைசிவரை சொன்னவர்."

அப்படியென்றால் திதி பூரணை. நாங்கள் வைத்திருப்பது புயலடித்த சத்தமி. சின்னராசா ஊரில் முகம் காட்டமாட்டானாம். அடுத்த பஸ்ஸில் மன்னாருக்கு.

21.11 ஞாயிறு
சமையல் ஓடவில்லை. போன வருடம் புயலுக்கு மூன்றாம் நாள் பாய்மரத் துண்டு கரை ஒதுங்கியது. நாலாம் நாள் இவருடைய அண்ணன், பெரிய மச்சான், தேடப் போன வள்ளங்களைத் திருப்பிக் கூப்பிட்டார். ஐந்தாம் நாள் தர்ப்பையில் உருவம் செய்து எரித்தார்கள், என் தாலியைக் கழற்றினார்கள். அதற்குப் பிறகும் மூன்று நாள் இவர் வழி பார்த்திருக்கிறார். கழற்றியதால்தான் போனாரோ? பைத்தியக்கார யோசனை. போகுதில்லை.

22.11 திங்கள்
மச்சானை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்பதென்று கடற்கரை மீன்வாடிக்குப் போனேன். வலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கமுன் அவரே, நிமிராமல்:

"நாலாம் நாள் வள்ளங்களைத் திருப்பினது பிழையோ பிள்ளை?"

பிழையில்லை என்றேன். ஒரு வருடத்தில் ஆள் கிழவனாகிவிட்டார். வேறென்ன சொல்ல.

23.11 செவ்வாய்
ஐயர் வந்து திதி கேட்டார். பக்கத்தில் மாமி, மச்சான். சத்தமி என்றேன், என் வாயால்.

25.11 வியாழன்
திவசம் முடிந்தது. "என்ரை பிள்ளை நோகாமல் போனவன்" என்று மாமி. சனம் தலையாட்டியது.

2.12 வியாழன்
பூரணை. மழை இல்லை. இவருடைய திதி, மரக்கறி சமைக்க வேண்டிய நாள். சமைத்தால் மாமி ஏன் என்பார். மச்சான் விளைமீன் கொண்டுவந்து தந்தார். குழம்பு வைத்தேன். நல்ல ருசி என்று மாமி இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். எனக்கும் போட்டார். சாப்பிட்டேன்.